கேசட்டுக்குள்ள தாத்தா

ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலை காட்டல. ஆபீஸ்ல ஆணி அதிகம். சிறுசேரியில நான் பிடுங்கின ஆணியெல்லாம் சேர்த்து வெச்சிருந்தா, படூர்ல ஒரு ஹார்ட்வேர் கடையே போட்டிருக்கலாம். நிற்க.

இந்தப் பதிவு, கேம்பாய் கேசட்டைப் பிரிச்சு உள்ள என்ன இருக்குன்னு படிக்கிறதைப் பத்தி. உலகம் பூரா அதை கேட்ரிட்ஜ்னு சொல்றாங்க. நமக்கு அது எப்பவும் கேசட்தான். "விளையாட்டு சாமான் மேட்டரா, அப்ப நான் கிளம்பறேன்"னு சொல்றவங்க ஒரு நிமிஷம் நில்லுங்க. திஸ்கி காலத்துல சரியான எழுத்துரு இல்லாம ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்து, பூச்சி பூச்சியா தெரிஞ்சதைப் பார்த்து முழிச்ச அனுபவம் உங்களுக்கு இருக்கா? இருந்தா, இது உங்க மேட்டரும்தான். போகப் போகப் புரியும்.

கொஞ்சம் கொசுவத்தி

1999 கோடை லீவுல சிங்கப்பூர்லேர்ந்து சித்தப்பா வந்தார். திருப்போரூர் வீட்டுக் கூடத்துல பெட்டியைத் திறந்தார். எனக்கு ஒரு கால்குலேட்டர். (பன்னெண்டாவது போறவனுக்கு வேற என்ன கிடைக்கும், அவ்வ்வ்வ்.) தங்கச்சிக்கு ஊதா கலர்ல ஒரு கேம்பாய் கலர், கூடவே சிவப்பு கேசட்டுல போக்கிமான்.

அந்த கேம் தெரியாதவங்களுக்கு ஒரு வரி: காட்டுல மேட்டுல திரியற விதவிதமான ஜீவன்களைப் பிடிச்சு, வளர்த்து, மத்தவங்களோடதுகூட மோத விடணும். பிடிச்ச ஒவ்வொண்ணுக்கும் பத்து எழுத்துக்குள்ள நாமளே பேரு வைக்கலாம். அங்கதான் தங்கச்சி பூந்து விளையாடினா. அதுல ஸ்னோர்லாக்ஸ்னு ஒரு குண்டு ஜீவன். ரோட்டை அடைச்சுக்கிட்டுத் தூங்கும். அதை எழுப்பறதுக்கே தனியா ஒரு புல்லாங்குழல் வேணும். அதுக்கு அவ வெச்ச பேரு தாத்தா. எங்க தாத்தா திண்ணையில ஈஸிசேர் போட்டுத் தூங்கினார்னா, தபால்காரரே தாண்டித்தான் உள்ள வரணும். பேரு வெச்ச கையோட தாத்தாகிட்டயே கொண்டுபோய்க் காட்டினா. கண்ணாடியை நெத்திக்குத் தூக்கிப் பார்த்தவர், "நான் இவ்வளவு குண்டாவா இருக்கேன்?"னு கேட்டுட்டு மறுபடி தூங்கப் போயிட்டார்.

இன்னொண்ணு மேஜிகார்ப். ஒரு மீன். அதுக்குத் தெரிஞ்ச ஒரே வித்தை துள்ளறது. துள்ளினா எதிரிக்கு ஒரு மயிரிழை சேதம்கூட ஆகாது. அதுக்கு வெச்ச பேரு அண்ணன். ஹி ஹி. அதை ரெண்டு வாரம் ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சா.

தாத்தா 2003-ல போயிட்டார். தங்கச்சி கல்யாணமாகி டொராண்டோவுல செட்டில். போன பொங்கலுக்கு வெள்ளையடிக்கறப்ப, பரண்ல ஒரு பிஸ்கட் டின்னுக்குள்ள கேம்பாய் கிடைச்சது. உள்ள இருந்த ரெண்டு பென்சில் பேட்டரியும் கசிஞ்சு, போர்டையே தின்னுடுச்சு. ஆன் ஆகல. வீடியோ கால்ல காட்டினேன். "கேம்பாய் போனா போகட்டும்ணா. கேசட்ல தாத்தா இருக்காரா பாரு"ன்னா.

விளையாட்டு ஆயிரம், தாத்தா ஒண்ணு

இங்க ஒரு விஷயத்தைப் பிரிச்சுப் புரிஞ்சுக்கணும். கேசட்டுக்குள்ள ரெண்டு வகை நினைவகம் இருக்கு. ஒண்ணு ரோம். விளையாட்டோட நிரல், படம், பாட்டு எல்லாம் அதுல. தொழிற்சாலையிலயே பொறிச்சது, மின்சாரமே இல்லாட்டியும் அப்படியே இருக்கும். இந்த போக்கிமான் கேசட்ல அது 1 மெகாபைட். இன்னொண்ணு ராம், 32 கிலோபைட். நீங்க எவ்வளவு தூரம் விளையாடினீங்க, யாரைப் பிடிச்சீங்க, என்ன பேரு வெச்சீங்கங்கறது அதுல. மின்சாரம் நின்னா அது அழிஞ்சுடும். அதனாலதான் உள்ளயே ஒரு 3 வோல்ட் பொத்தான் பேட்டரியைப் பத்தவெச்சு விட்டிருக்காங்க. நீங்க விளையாடாத ராத்திரிகள்லயும், பரண்ல கிடந்த வருஷங்கள்லயும், சொட்டுச் சொட்டா அந்த ராமுக்கு உயிர் கொடுத்துக்கிட்டிருந்தது அதுதான்.

அந்த பேட்டரிக்கு இப்ப 25 வயசுக்கு மேல. பல பேரோட கேசட்ல அது எப்பவோ தீர்ந்துபோச்சு. உள்ள கடிகாரமும் ஓடற கோல்டு, சில்வர் கேசட்டுங்கள்ல இன்னும் சீக்கிரம் தீரும்.

ரோம்ல இருக்கறதுக்கு உலகத்துல கோடிக்கணக்குல நகல் இருக்கு. தாத்தாவுக்கு ஒரே நகல்தான்.

ரிச்சி ஸ்ட்ரீட் படலம்

கேசட்டைத் திறக்கலாம்னு பார்த்தா, பின்னாடி ஒரே ஒரு திருகு. நட்சத்திரமும் இல்ல, பிளஸ்ஸும் இல்ல. 3.8 மில்லிமீட்டர்ல பல்லு பல்லா ஒரு தலை. சாதா ஆளு திறக்கக்கூடாதுன்னே செஞ்சது. சனிக்கிழமை ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். நாலு கடை ஏறி இறங்கியாச்சு. கடைசிக் கடைக்காரர் கேசட்டை வாங்கி வெளிச்சத்துல பார்த்துட்டு, "இதுக்கு ஸ்க்ரூ டிரைவர் வராது சார். பழைய கேம்தானே? பென் டிரைவ்ல ஆயிரம் கேம் போட்டுத் தரேன், எடுத்துட்டுப் போங்க"ன்னார். நல்ல மனுஷன். ஆயிரத்துலயும் தாத்தா இருக்க மாட்டாரேன்னு அவர்கிட்ட எப்படிச் சொல்றது?

வீட்டுக்கு வந்து பழைய உபாயத்தைக் கையில எடுத்தேன். பால்பாயின்ட் பேனாவோட பிளாஸ்டிக் முனையை மெழுகுவத்தியில காட்டி, இளகினதும் திருகுமேல அழுத்திப் பிடிச்சு, ஆறவிட்டு, மெதுவாத் திருப்பணும். பிளாஸ்டிக் அந்தப் பல்லோட வடிவத்துக்கே படிஞ்சுடும். மூணாவது பேனாவுல திருகு அசைஞ்சது. "வீட்டுல ஒரு பேனா எழுதாது, அதெல்லாம் எங்க போகுதுன்னு இப்ப தெரியுது"ன்னு தங்கமணி தனி அர்ச்சனை.

உள்ள பார்த்தா, தகடு முனையில பச்சையா களிம்பு. நம்ம பக்கத்து விசேஷம் அது. படூருக்குக் கிழக்கே முட்டுக்காட்டு உப்பங்கழி, அதைத் தாண்டினா கோவளம் கடல், தெற்கே கேளம்பாக்கம் உப்பளம். இந்தக் காத்து வீட்டு கேட்டையே அஞ்சு வருஷத்துல அரிச்சுடும், கேசட் எம்மாத்திரம்? தங்கமுலாம் பூசின தகடுதான், ஆனா முலாம்ல ஒரு பொத்தல் விழுந்தா உப்பு அடியில பூந்து செம்பைப் பிடிச்சுடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுல தொட்டுத் தொட்டுத் துடைச்சேன். சின்ன வயசுல எல்லாரும் கேசட்டை உஃப்னு ஊதிப் போட்டோமே, அதுவும் இந்தக் களிம்புக்குத்தான் உதவி செய்யும். வாயில வர்றது வெறும் காத்து இல்ல, ஈரம்.

மல்டிமீட்டரை பேட்டரிமேல வெச்சேன். 2.6 வோல்ட். போயிடல. ஆனா போய்க்கிட்டிருக்கு.

முப்பத்திரண்டு கால்

இங்க ஒரு புதுப் பாத்திரம் அறிமுகம்: கீழ்வீட்டுத் தம்பி. பக்கத்துல இன்ஜினியரிங் மூணாவது வருஷம், எலக்ட்ரானிக்ஸ். வைவாவுல கேட்டா மைக்ரோபிராசசர் முழுக்க ஒப்பிப்பான், ஆனா ஒரு பிராசசர்கிட்ட நேர்ல பேசினதில்லை. "வாடா, இன்னிக்குப் பேசலாம்"னு கூப்பிட்டு உட்கார வெச்சேன்.

கேம்பாய் கேசட்டுக்கு 32 கால். அதுல 16 முகவரிக் கம்பி, 8 தரவுக் கம்பி. மீதி எட்டுல மின்சாரம், பூமி, கடிகாரத் துடிப்பு, 'படி', 'எழுது', 'ராமைத் தேர்ந்தெடு', 'ரீசெட்', ஒரு ஒலிக் கம்பி. அவ்வளவுதான். ஒரு நூலகத்துக்குப் போய், "260-வது அலமாரியில என்ன இருக்கு?"ன்னு சீட்டு நீட்டினா, 8 பிட்ல பதில் வரும். நாங்க உபயோகிச்சது ஒரு அர்டுயினோ மெகா, அதுல கம்பி இழுத்த ஒரு சாக்கெட். இந்த வேலைக்கு வரைபடமும் நிரலும் திறந்த மூலமா கிடைக்குது. ஒரு எச்சரிக்கை மட்டும்: பழைய கேம்பாய் கேசட்டுக்கு 5 வோல்ட், பின்னால வந்த கேம்பாய் அட்வான்ஸ் கேசட்டுக்கு 3.3 வோல்ட். மாத்திக் கொடுத்தா கேசட் பரலோகம்.

தம்பி முதல் சந்தேகத்தை எடுத்துவிட்டான். "அண்ணா, 16 கம்பின்னா மொத்தம் 64 கிலோபைட்தானே எட்டும்? அதுலயும் பாதிதான் ரோமுக்கு. 1 மெகாபைட்டை எப்படிப் படிக்கும்?" நல்ல கேள்வி. ரோமுக்கு இருக்கறது 32 கிலோபைட் ஜன்னல். டெட்ரிஸ் மாதிரி குட்டி கேம் மொத்தமே அந்த ஜன்னலுக்குள்ள அடங்கிடும். பெரிய கேமுக்கு, கேசட்டுக்குள்ள பேங்க் கன்ட்ரோலர்னு ஒரு சில்லு உட்கார்ந்திருக்கு. ஜன்னல்ல கீழ்ப்பாதி நிலையா நிக்கும், மேல்பாதியில 16 கிலோபைட் பக்கமா மாத்தி மாத்திக் காட்டும். போக்கிமான்ல அப்படி 64 பக்கம்.

"பக்கத்தை மாத்துன்னு அதுகிட்ட எப்படிச் சொல்றது?" இங்கதான் அழகு. ரோம்ல எழுத முடியாது, இல்லையா? ஆனா எழுதற மாதிரி நடிக்கலாம். ரோம் கண்டுக்காது. நடுவுல ஒட்டுக்கேட்டுக்கிட்டிருக்கற கன்ட்ரோலர், அந்த எண்ணைத் தனக்கான கட்டளையா எடுத்துக்கும். ராமுக்கும் அதே கதைதான். 0 முதல் 8191 வரைக்கும் உள்ள ஏதாவது ஒரு முகவரியில 10-ங்கற எண்ணை 'எழுதினா' ராமோட பூட்டு திறக்கும். எதுக்குப் பூட்டு? கரண்ட் போற நொடியில கம்பிகள்ல தாறுமாறா குப்பை ஓடும். பூட்டு இல்லேன்னா அந்தக் குப்பை தாத்தாமேல எழுதிடும்.

முதல்ல முகப்பை மட்டும் படிச்சோம். 308-வது இடத்துலேர்ந்து விளையாட்டோட பேரு வந்தது. 327-ல 19. கன்ட்ரோலர், ராம், பேட்டரி மூணும் உண்டுன்னு அதுக்கு அர்த்தம். பூட்டைத் திறந்து ராமை மூணு தடவை இழுத்தோம். மூணும் ஒரு பைட் பிசகாம ஒத்துப்போச்சு. அதுக்கப்புறம்தான் டீ.

இது திருட்டு இல்லையா?

டீ குடிக்கறப்ப தம்பியோட அம்மா மேல வந்தாங்க. ஸ்க்ரீன்ல எண்ணா ஓடறதைப் பார்த்துட்டு, "ஏம்ப்பா, இது ஹேக்கிங் இல்லையா? போலீஸ் கேஸ் ஆயிடாதே? பையன் கேம்பஸ் இன்டர்வியூ போகணும்"னாங்க. நியாயமான கவலை. இதுக்கு நான் பதில் தேடி வெச்சிருந்தேன்.

நம்ம 1957 பதிப்புரிமைச் சட்டம், 52-வது பிரிவு. 1999-ல அதுல ஒரு திருத்தம் கொண்டு வந்தாங்க, 2000 ஜனவரி 15 முதல் அமல். அதன்படி, சட்டப்படி கையில வெச்சிருக்கற மென்பொருள் எப்படி இயங்குதுன்னு பார்க்கலாம், ஆராயலாம், சோதிக்கலாம், அதுக்குள்ள இருக்கற கருத்தைத் தெரிஞ்சுக்கலாம். இன்னொரு நிரல் அதோட சேர்ந்து இயங்கறதுக்குத் தேவையான தகவல் வேற எங்கயும் சுலபமா கிடைக்கலேன்னா, அதைப் பிரிச்சும் எடுத்துக்கலாம். நேர்மையா வாங்கின பிரதியிலேர்ந்து சொந்த உபயோகத்துக்கு, வியாபாரம் இல்லாம, நகல் எடுக்கவும் இடம் இருக்கு. 2012-ல இன்னொரு திருத்தம் வந்து, பாதுகாப்புப் பூட்டை உடைக்கறதைக் குற்றமாக்கிச்சு, ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில். ஆனா அதுலயும் உரிமையை மீறணுங்கற நோக்கம் இருந்தாத்தான் குற்றம்னு எழுதியிருக்கு. அமெரிக்காவுல 1992-லயே, சேகா கம்பெனி அக்கோலேட் கம்பெனிமேல போட்ட வழக்குல, பொருந்தி ஓடற கேசட் தயாரிக்கப் பிரிச்சுப் படிச்சது நியாயமான பயன்பாடுதான்னு அப்பீல் கோர்ட் சொல்லிடுச்சு.

சுருக்கமா அவங்ககிட்ட சொன்னது இதுதான்: "அக்கா, ரோம்ல இருக்கற கேம் கம்பெனியோடது. அதை நகலெடுத்து பர்மா பஜார்ல வித்தா தப்பு. ராம்ல இருக்கறது என் தங்கச்சியோடது. பூட்டு அவங்களுது, உள்ள இருக்கற நகை நம்மளுது." அவங்களுக்கு அது டக்குனு புரிஞ்சது. அடகுக்கடை உதாரணம் எப்பவும் கைகொடுக்கும்.

பிரிச்சுப் படிக்கறவனெல்லாம் திருடன்னா, சில நல்ல விஷயங்களே நடந்திருக்காது. கேம்பாய் ஆன் ஆனதும் மேலேர்ந்து ஒரு லோகோ இறங்குமே, ஞாபகம் இருக்கா? அந்த 48 பைட் படம் ஒவ்வொரு கேசட்லயும் இருந்தாகணும். கருவி அதை எடுத்துக் காட்டும், தன்கிட்ட இருக்கற பிரதியோட ஒப்பிடும். ஒத்துப்போகலேன்னா கேம் ஓடாது. அனுமதி இல்லாம கேசட் போடறவன் கம்பெனியோட வணிகச்சின்னத்தையும் சேர்த்துத்தான் போட்டாகணும், அப்ப கோர்ட்டுக்கு இழுத்துடலாம்ங்கற கணக்கு. லண்டன்ல ஆர்கனாட்னு ஒரு கம்பெனிப் பசங்க இதுல ஒரு ஓட்டையைக் கண்டுபிடிச்சாங்க. கருவி அந்த 48 பைட்டை ரெண்டு தடவை படிக்குது, முதல்ல காட்ட, அப்புறம் ஒப்பிட. சில பைசா பெறுமான ஒரு ரெசிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர் வெச்சு, முதல் தடவை தன் பேரையும் ரெண்டாவது தடவை சரியான லோகோவையும் காட்டினாங்க. அதைப் பார்த்த நின்டெண்டோ கேஸ் போடல, கூப்பிட்டு வேலை கொடுத்தது. 1993-ல வந்த ஸ்டார் ஃபாக்ஸ் கேமும், அதுக்குள்ள இருந்த முப்பரிமாணச் சில்லும் அந்தக் கூட்டணியோட விளைச்சல்.

அந்த ஒப்பிடற நிரல் இருக்கே, அது மொத்தமே 256 பைட். கருவி ஆன் ஆகி ஒரு வேலை முடிஞ்சதும் தன்னைத்தானே மறைச்சுக்கும், வெளியிலேர்ந்து படிக்கவே முடியாது. 1989-ல வந்த கருவியோட இந்த 256 பைட், 2003 வரைக்கும் யார் கண்ணுலயும் படல. அந்த வருஷம் நெவிக்ஸ்டிங்கற புனைபெயர்ல ஒருத்தர், சில்லோட மேல்தோலைக் கழட்டி, மைக்ராஸ்கோப்ல படம் எடுத்து, 2048 பிட்டையும் ஒண்ணொண்ணா கண்ணாலயே படிச்சு எழுதினார். ஓலைச்சுவடி படிக்கற பொறுமை. ஊர்ல தாத்தாக்கள் பூதக்கண்ணாடி வெச்சு ஜாதகம் படிப்பாங்களே, கிட்டத்தட்ட அதே வேலை.

147, 135, 128

சரி, 32 கிலோபைட் கையில வந்தாச்சு. அதுல தாத்தா எங்க? தம்பி உடனே ஆங்கிலத்துல தாத்தான்னு டைப் பண்ணித் தேடினான். இல்ல. முகம் சுருங்கிப்போச்சு.

இருக்காதுதான். சாதாரணமா கம்ப்யூட்டர்ல ஆங்கில 'ஏ'வுக்கு எண் 65. ஆனா இந்தக் கேம் எழுதினவங்களுக்கு அந்த வரிசையைப் பின்பத்தணும்னு என்ன கட்டாயம்? தனக்கு வசதியா ஒரு வரிசை வெச்சுக்கிட்டாங்க. நம்ம திஸ்கியும் அதே மாதிரிதானே? 128-லேர்ந்து 255 வரைக்கும் உள்ள இடத்துல தமிழ் எழுத்தைக் குடியேத்தி வெச்சோம், எழுத்துரு இல்லாதவனுக்குப் பூச்சியா தெரிஞ்சது. இப்ப நாங்க எழுத்துரு இல்லாதவங்க நிலைமையில.

வரிசை தெரியாம வார்த்தையைத் தேடறது எப்படி? இந்தத் துறையில புழங்கற ஒரு வித்தை இருக்கு. எழுத்தைத் தேடாதே, எழுத்துக்கு நடுவுல இருக்கற தூரத்தைத் தேடு. தங்கச்சி எழுதினது டி-எச்-ஏ-டி-எச்-ஏ. 'டி'யிலேர்ந்து 'எச்'சுக்கு 12 பின்னால. 'எச்'சிலேர்ந்து 'ஏ'வுக்கு 7 பின்னால. 'ஏ'யிலேர்ந்து 'டி'க்கு 19 முன்னால. மறுபடி 12, மறுபடி 7. 'ஏ' எந்த எண்ல ஆரம்பிச்சாலும், எழுத்துங்க வரிசையா இருக்கறவரைக்கும் இந்தத் தூரம் மாறாது. ஆள் ஊர் மாறிப் போயிருக்கலாம், ஆனா குடும்பம் உட்கார்ற வரிசை அதேதான். விடைத்தாள் எல்லாம் ஏற்கெனவே உலகத்துல இருக்கு. இந்தக் கேமோட 1 மெகாபைட்டையும் ஆர்வலர்கள் வரிவரியா நிரலா மாத்தி வெச்சிருக்காங்க, தொகுத்தா ஒரு பைட் மாறாம அதே ரோம் வரும். அதைப் பார்க்கக்கூடாதுன்னு தம்பிக்கு நிபந்தனை போட்டிருந்தேன்.

பதினஞ்சு வரியில ஒரு நிரல் எழுதினான். ஓட்டினான். ஒரே ஒரு இடம் வந்தது.

147 135 128 147 135 128 80.

'ஏ' 128-ல ஆரம்பிக்குது. கடைசி 80, பேரு முடிஞ்சதுங்கறதுக்கு அடையாளம். தம்பி ஸ்க்ரீனைத் தொட்டு, "அண்ணா, தாத்தா!"ன்னு கத்தினான். அவன் எங்க தாத்தாவைப் பார்த்ததே இல்ல. அவர் போனப்ப அவன் பிறக்கவே இல்ல.

அண்ணன் 22

இப்ப பூட்டு திறந்தாச்சு, மத்த பேரெல்லாம் தானா படிக்க வந்தது. தாத்தாவுக்குச் சரியா 11 இடம் தள்ளி 128 141 141 128 141. அண்ணன். பத்து எழுத்து, ஒரு முடிவுக்குறி, ஆக ஒவ்வொரு பேருக்கும் 11 இடம். "பாருடா, கடைசிவரைக்கும் என்னை மீனாவே வெச்சிருக்கா"ன்னு சொல்லிச் சிரிச்சேன்.

பேரு இருந்தா, எந்த ஜீவன்ங்கற எண்ணும் கொஞ்சம் முன்னாலயே இருக்கணும். இருந்தது: ஆறு எண், அப்புறம் 255. இங்க மட்டும் விடைத்தாளைத் திறந்தோம், ஏன்னா இந்தக் கேமுக்குள்ள ஜீவன்களுக்கு இருக்கற எண்ணும், விளையாடறவங்களுக்குக் காட்டற எண்ணும் வேற வேற. உள் வரிசையில ஸ்னோர்லாக்ஸ் 132, அதுக்கு அடுத்த 133 மேஜிகார்ப். தாத்தாவும் பேரனும் பக்கத்துப் பக்கத்துல. அப்ப 132, 133-ன்னு வரணும்.

132, 22-ன்னு வந்தது.

தம்பி பட்டியல்ல 22-ஐத் தேடினான். கியாரடோஸ். மேஜிகார்ப் 20-வது நிலைக்கு வளர்ந்தா மாறற பெரிய கடல் ராட்சசன், அந்தக் கேம்லயே பலசாலிகள்ல ஒண்ணு. உருவம் மாறினாலும் நாம வெச்ச பேரு மாறாது. ஆனா அந்த மீனை 20 வரைக்கும் கொண்டுபோறது லேசுப்பட்ட காரியம் இல்ல. 15-வது நிலை வரைக்கும் அதுக்குத் துள்ளத் தவிர ஒண்ணும் தெரியாது. ஒவ்வொரு சண்டையிலயும் அதை முதல்ல களத்துல இறக்கி, உடனே உள்ள இழுத்து, மத்தவங்களை விட்டு அடிக்க வெச்சு, அதுக்கும் ஒரு பங்கு அனுபவம் சேர்க்கணும். நூத்துக்கணக்கான தடவை.

நான் 2000-ல காலேஜ் ஹாஸ்டலுக்குப் போனேன். அதுக்கப்புறம் அவ என்ன விளையாடினான்னு நான் கேட்டதில்லை. அன்னிக்கு ராத்திரி போன் பண்ணினேன். தாத்தா கிடைச்சுட்டார்னதும் கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்ல. அப்புறம் கேட்டேன், "அண்ணனை மீன்னுதானே சொன்ன?"

"நீ ஹாஸ்டல் போயிட்டல்ல, போர் அடிச்சது. சும்மா வளர்த்தேன்."

"சொல்லவே இல்ல?"

"அதையெல்லாம் சொல்லிக்கிட்டு இருப்பாங்களா?"ன்னுட்டு, "தாத்தா எந்த லெவல்ல இருக்கார்?"னு பேச்சை மாத்திட்டா.

மறுநாள் காலேஜ் முடிஞ்சு வந்து தம்பி பழைய பேட்டரியைக் கழட்டி, காது வெச்ச புது பேட்டரியைப் பத்தவெச்சான். (காது இல்லாத பேட்டரிமேல நேரா சால்டரிங் அயர்ன் வைக்காதீங்க, வெடிக்கும்.) கழட்டின நொடியில ராம் காலி. கையில நகல் இருந்ததால பயம் இல்ல, அதே வழியில திருப்பி எழுதினோம். எண்களோட கூட்டல் சரியா இருக்கான்னு கேம் தானே ஒரு பைட் வெச்சுச் சரிபார்க்கும், பிசகினா அழிஞ்சுபோச்சுன்னு கைவிரிச்சுடும். பிசகல. ஊருக்குப் போற ஒரு நண்பர் பையில கேசட் டொராண்டோ போய்ச் சேர்ந்தது. அங்க பழைய கேம்பாய் ஒண்ணு வாங்கி வெச்சுக்கிட்டு, அவ பொண்ணுக்கு தாத்தாவை அறிமுகப்படுத்தியிருக்கா.

அடுத்த ஆணி

தம்பியை இனிமே நிறுத்த முடியாது. தமிழ்ல ஒரு குட்டி கேம் எழுதறேன்னு கிளம்பியிருக்கான். பிரிச்சுப் படிச்சவங்க 1995-லேர்ந்து எழுதிச் சேர்த்த ஆவணம் இருக்கு, இலவசக் கருவிகள் இருக்கு, 2019-ல வந்த ஜிபி ஸ்டுடியோவுல நிரலே எழுதாமகூடச் செய்யலாம். ஆனா தமிழ் எழுத்து? கேம்பாய் திரை 160க்கு 144 புள்ளி. எல்லாமே 8க்கு 8 கட்டம். 'ணு'வும் 'ஞூ'வும் அந்தக் கட்டத்துல அடங்குமா? 16க்கு 16 வேணும், அதாவது ஒரு எழுத்துக்கு நாலு கட்டம். கொம்பு, கால், இரட்டைக்கொம்பு, சங்கிலிக்கொம்பைத் தனியாப் பிரிச்சாலும் உயிர், மெய், அகர வரிசை, இகர ஈகாரம், உகர ஊகாரம்னு கணக்குப் போட்டா 124 வடிவம் வருது. நாலால பெருக்கினா 496 கட்டம். கருவியில இடம் 384-க்குத்தான். ஆக அந்தந்த வாக்கியத்துக்கு வேண்டிய எழுத்தை மட்டும் அப்பப்ப ஏத்தணும்னு முடிவு பண்ணியிருக்கான். எழுத்துரு செஞ்ச அனுபவஸ்தர்கள் நம்மள்ல நிறைய பேர் இருக்கீங்க. யோசனை இருந்தா பின்னூட்டத்துல கொட்டுங்க, அவனுக்குப் படிச்சுக் காட்டறேன்.

டிஸ்கி: ரோம் கோப்பு வேணும்னு யாரும் கேட்காதீங்க, கிடைக்காது. ஆனா உங்க வீட்டுப் பரண்லயோ பீரோ அடியிலயோ இப்படி ஒரு கேசட் இருந்தா, இந்த ஞாயித்துக்கிழமையே எடுத்துப் பாருங்க. பேட்டரி நமக்காகக் காத்துக்கிட்டிருக்காது.